ஆட்சேபணை இல்லை

மெர்கோங் பக்கம், நெல்வயலை ஒட்டிய கடைசி வரிசையில் பிரிஜெட்டின் வீடு. அதற்கும் அழகம்மாவின் மூலை வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அழகம்மாவின் புருஷன் மனோகரன் லாரி ஓட்டிய மனுஷன். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, கட்டிலோடு கிடந்தார். நல்ல கனமான ஆள், ஒருத்தியால் புரட்ட முடியாது. காலையிலும் சாயங்காலமும் பிரிஜெட் போய்த் தோளைப் பிடிப்பாள், அழகம்மா இடுப்பைப் பிடிப்பாள். இத்தனை நாள் படுத்தும் அவர் முதுகில் புண் வைக்காமல் இருந்தது அதனால்தான்.

அந்த வயலில் வீடுகள் கட்டப்போவதாகப் பலகை நட்டார்கள். அக்கம்பக்கத்தார் டேவான் மண்டபத்தில் நடக்கும் கூட்டத்துக்கு வந்து கருத்துச் சொல்லலாம் என்றும் அதில் எழுதியிருந்தது.

"மண்ணக் கொட்டி மேடாக்கிட்டா மழத் தண்ணி எங்கக்கா போகும்? நம்ம வீட்டுக்குள்ளதான் வரும்," என்றாள் அழகம்மா. "இவர வச்சிக்கிட்டு நான் எங்க ஓடுவேன்? விட்டுட்டுக் கூட்டத்துக்கும் வர முடியாது. நீங்க கிளினிக்குல வேல பாத்தவங்க, மலாய் நல்லா பேசுவீங்க. எனக்கும் சேத்து வேணாம்னு சொல்லிடுங்கக்கா."

"இத நீ சொல்லணுமா? நான் பாத்துக்கறேன் லா."

மனதாரத்தான் சொன்னாள். ஆனால் கூட்டத்துக்கு முதல் நாள் பினாங்கிலிருந்து மகள் செரீனா போன் செய்தாள். புருஷனோடும் பிள்ளைகளோடும் ஒற்றை அறையில் குடியிருப்பவள். அந்த அறையையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்.

"அம்மா, உங்க பக்கத்துல வீடு கட்டறாங்களாமே. அங்க இருக்கறவங்க பிள்ளைங்களுக்குத்தான் முதல்ல குடுப்பாங்களாம். நாங்க பேரு குடுத்துட்டோம். நீங்க போயி எதிர்த்துப் பேசிக் கெடுத்துடாதீங்க." போனுக்குப் பின்னால் சின்னது அழுதுகொண்டிருந்தது.

டேவானில் பாதி நாற்காலிகள் காலி. முன்வரிசை வீட்டு அழகேசன் எழுந்து, வாய்க்கால் இப்போதே அடைத்துக் கிடக்கிறது, மேடாக்கினால் கடைசி வரிசை முழுகும் என்று சத்தம் போட்டார். கம்பெனி ஆள் சிரித்த முகமாக, பெரிய வாய்க்கால் வெட்டித் தருகிறோம் என்றான். அதிகாரி பிரிஜெட் பக்கம் திரும்பினார்.

"கடைசி வரிசையில் இருக்கும் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

எழுந்தபோதுகூட வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். வாயில் வேறு வந்தது. "எனக்கு ஆட்சேபணை இல்லை."

"மூலை வீட்டுக்காரர்?"

"அவங்களுக்கும் இல்லை," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அழகேசன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பியபோது அழகம்மா வாசலில் நின்றாள்.

"சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன்."

"புண்ணியமாப் போகும்," என்று அழகம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மண் லாரிகள் வந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயல் ஆள் உயரத்துக்கு எழும்பியது. கூட்டத்தைப் பற்றி அதற்குப் பிறகு அழகம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கம்போலக் கூப்பிட்டாள், வழக்கம்போல இருவரும் மனோகரனைப் புரட்டிப் போட்டார்கள். அவள் கேட்காமல் இருப்பதே நல்லது என்று பிரிஜெட் இருந்துவிட்டாள்.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு காலை, சமையல்கட்டுக் கதவடியில் தண்ணீர் வந்தது. பிரிஜெட் மூலை வீட்டுக்கு ஓடினாள். அங்கே தரை இன்னும் பள்ளம், முழங்கால் அளவு ஏறியிருந்தது. கட்டிலுக்கடியில் செங்கல் வைக்கப் பார்த்தார்கள், ஆளோடு கட்டிலைத் தூக்க முடியவில்லை. தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து மெத்தையை நனைத்தது. மனோகரன் பேச முடியாமல் கண்ணை மட்டும் உருட்டினார். அழகம்மா பின்னால் உட்கார்ந்து அவர் தலையை நெஞ்சோடு தாங்கிக்கொண்டாள். பிரிஜெட் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். தீயணைப்புப் பொம்பாக்காரர்கள் படகோடு வந்து சேர்வதற்குள் மத்தியானமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சளி நெஞ்சில் கட்டி, அந்த வாரமே அவர் போய்விட்டார்.

கருமாதி முடிந்த மறுநாள் பிரிஜெட் மூலை வீட்டுக்குப் போனாள். சுவரில் சேற்றுக்கோடு இடுப்புயரத்துக்கு இருந்தது. அழகம்மா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அழகம்மா, அன்னைக்கு டேவான்ல நான்..."

"தெரியும்." அவள் நிமிரவில்லை. "அழகேசண்ணே அன்னைக்குச் சாயங்காலமே வந்து சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன் நீ ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டா சண்ட வரும். நீங்க வராம நின்னுடுவீங்க. ஒத்தையா அவர நான் எப்படிப் புரட்டுவேன்? உங்க மூஞ்சியப் பாக்கறப்பல்லாம் வயிறு எரியும். பல்லக் கடிச்சிக்கிட்டு 'வாங்கக்கா'ன்னு கூப்பிடுவேன்." பெட்டியை மூடினாள். "இப்ப அவரு இல்ல. இனிமே நீங்க இந்த வாசப்படி மிதிக்க வேணாம்."

"என் பொண்ணுக்காகத்தான்..."

"போங்கக்கா."

மறுநாள் பாலிங்கிலிருந்து அழகம்மாவின் தம்பி வேன் கொண்டுவந்து அவளை அழைத்துப்போனார். பிரிஜெட் தன் வீட்டுக் கேட்டுக்குள்ளேயே நின்றாள். வேன் அவளைத் தாண்டித்தான் போனது. அழகம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

மேட்டில் வீடுகள் எழும்பின. செரீனாவுக்கு ஒன்று கிடைத்தது. பாதிரியார் வந்து வீட்டை மந்திரித்த அன்று நல்ல மழை.

"பாத்தீங்களாம்மா, இவ்வளவு மழ பெய்யுது, இங்க ஒரு சொட்டுத் தண்ணி நிக்கல," என்றாள் செரீனா பூரிப்பாக. "அந்த வீட்ட விட்டுட்டு எங்களோட வந்துடுங்க லா."

பிரிஜெட் சாப்பிடக்கூட நிற்காமல் குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். மூலை வீட்டில் புதிதாகக் குடிவந்திருந்த வங்காளதேசத் தொழிலாளி ஒருவன் வாசலில் நின்று, நிரம்பிக்கொண்டிருந்த வாய்க்காலைப் பார்த்தபடி இருந்தான். அவளைக் கண்டதும், தண்ணீர் வீட்டுக்குள் வருமா என்று மலாயில் கேட்டான்.

"வரும்," என்றாள் பிரிஜெட்.