மரண அறிவித்தலுக்கு ஒரு படம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சஞ்சிகை ஆசிரியர் தொலைபேசியில் கேட்டபோது "பாதி எழுதிவிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் என்னிடம் இருந்தவை நூற்றுப் பதினாறு பறவைப் படங்களும் 'மன்னாரின் பருவங்கள்' என்ற தலைப்பும்தான். படங்களில் பாதிக்கு மேல், பறவை போன பிறகு மிஞ்சிய வானம்.

என் பெயர் சுகந்தினி. நூலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கமராவோடு திரிந்து, ஒரு படமும் நாலு வரிச் சிந்தனையும் முகநூலில் போடுவேன். பதினொரு விருப்பங்கள் விழும். அவற்றில் மூன்று என் தங்கையின் வெவ்வேறு கணக்குகள்.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

வாடைக்காற்று மெல்ல வருடிய அந்தக் காலைப்பொழுதில்

(மன்னாரில் வாடை வருடாது. அறையும். வெட்டிவிட்டேன்.)

பிறகு இப்படி:

பருவங்கள் மாறினாலும் மனிதர்கள்

(மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று மூன்று நாள் யோசித்தும் தெரியவில்லை.)

மூன்றாவது தொடக்கத்துக்கு நான் வாக்கியம் தேட வேண்டியிருக்கவில்லை. மெற்றில்டா அன்ரி படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

2

மெற்றில்டா அன்ரிக்கு அறுபத்து நான்கு வயது. கீரிக் கிராமத்தில் எங்களிலிருந்து மூன்றாவது வீடு. முப்பத்திரண்டு வருடம் மருத்துவமாதுவாக இருந்து ஓய்வுபெற்றவர். கலியாணம் கட்டவில்லை; நேரம் கிடைக்கவில்லை என்பார். இந்தப் பக்கத்தில் பாதிச் சனம் முதன்முதலாக அழுதது அவருடைய கையில்தான். நான் இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் பிறந்ததால் தப்பினேன்.

அது ஆவணி மாதம். நீலச் சேலை, முகம் நிறையப் பவுடர்.

"பிள்ளை, எனக்கொரு படம் எடுக்கோணும்."

"என்னத்துக்கு அன்ரி? பாஸ்போட்டுக்கோ?"

"மரண அறிவித்தலுக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அக்கான்ர மனிசனுக்கு என்ன நடந்தது எண்டு பாத்தனீர்தானே? அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பிச்சுப் போட்டிட்டினம். மதில் மதிலா, பொலிஸ் தேடுற ஆள் மாதிரி நிண்டார். நான் அப்பிடி நிக்க மாட்டன்."

"நான் பறவை மட்டும்தான் எடுக்கிறனான்."

"பறவை பறந்திடும். நான் ஒரு இடத்தில நிப்பன். உமக்கு லேசான வேலைதானே."

கடற்கரைக்குப் போனோம். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று உச்சத்தில் இருந்தது. நாற்பத்தொரு படம் எடுத்தேன். அவற்றில் மிகச் சிறந்ததில் சேலைத் தலைப்பு முகத்தை முழுதாக மூடியிருந்தது. கீழே இரண்டு பாதங்கள். அன்ரி கமராத் திரையை மூக்கருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"கால் என்ரதான். ஆனா சனத்துக்குத் தெரியுமோ?"

(அடிக்குறிப்பு: சோளகக் காலத்தில் கடற்கரையில் ஆள் படம் எடுக்க விரும்புவோர் முதலில் ஆளை எதிலாவது கட்டிக்கொள்ளவும்.)

3

கார்த்திகை. மழை விடவேயில்லை. அன்ரியின் வீட்டு முன்னறையில், ஜன்னலோரமாகக் கதிரையைப் போட்டு உட்கார வைத்தேன். எக்ஸ்ரே எடுக்க வந்தவர் போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

எங்கள் ஊர்க் கழுதைகள் மழைக்கு எங்கே ஒதுங்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். திரையில் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு கழுதை தலையை நீட்டியிருந்தது. அதன் கண்ணிமை மயிர் ஒவ்வொன்றும் தெளிவு. அன்ரி கலங்கலாக இருந்தார்.

"ரெண்டு பேரில ஆரின்ர அறிவித்தல் எண்டு சனம் கேக்கும்" என்றார்.

"கழுதையை வெட்டிவிடலாம் அன்ரி."

"வேண்டாம். அதுதான் வடிவா நிக்குது. என்னை வெட்டும்."

வெட்டவில்லை. அவருடைய சம்மதத்தோடு அப்படியே முகநூலில் போட்டேன். இருநூற்று நாற்பது விருப்பங்கள். என் ஆறு வருடப் பறவைகளில் ஒன்றுக்கும் அதில் பத்திலொரு பங்கு விழுந்ததில்லை.

4

(இந்தப் பகுதி முன்னாலேயே வந்திருக்க வேண்டும். எங்கே செருகினாலும் சிரிப்புக் கெட்டுப்போகிறது. அதனால் எனக்குத் தெரியவந்த இடத்திலேயே விட்டுவிடுகிறேன்.)

ஒரு பாத்திரம் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறது என்று நல்ல எழுத்தாளர் முதல் பக்கத்திலேயே கேட்டிருப்பார். நான் மார்கழி வரை கேட்கவில்லை. அன்ரி தன் கைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடி எடுத்துத் தரச் சொன்னார். கண்ணாடியோடு ஒரு கடிதமும் வந்தது. இதயச் சத்திரசிகிச்சை. கொழும்பு. மாசி மூன்றாம் கிழமை.

"அன்ரி, இது என்ன?"

"வால்வு. ஒண்டு சரியாப் பூட்டுதில்லையாம்." குசினிக் குழாயைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். "நூறு பேரில தொண்ணூறு பேர் பிழைப்பினமாம். மற்றப் பத்துப் பேருக்குத்தான் படம்."

வாசகரே, நகைச்சுவைக் கதை என்றுதான் நான் ஆசிரியருக்குச் சொல்லியிருந்தேன்.

அடுத்து நான் செய்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. நல்ல படம் கிடைக்காதவரை அன்ரி சாக மாட்டார் என்று எனக்குள் ஒரு முட்டாள் நம்பிக்கை புகுந்துவிட்டது. நத்தாருக்கு ஒரு முறை, புதுவருடத்துக்கு ஒரு முறை, பொங்கலன்று ஒரு முறை எடுத்தேன். மூன்று தடவையும் வெளிச்சம் நன்றாக இருந்தது, காற்று அடங்கியிருந்தது, கழுதையும் இல்லை. விரலை அழுத்தும் நேரத்தில் கையைச் சற்று அசைத்தேன். "ஐயோ அன்ரி, திரும்பவும் கலங்கிப்போச்சு!"

நான்காவது முறை அவர் கதிரையை விட்டு எழுந்துவந்து, நாடி பார்ப்பவர்போல் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணுமெண்டுதானே ஆட்டுறீர்?"

நான் கமராவைக் கீழிறக்கினேன்.

"பிள்ளைப்பேறில தாய் பயந்தா நான் கதைச்சுக் கதைச்சே ஆத்துவன். எனக்குப் பயம் வந்தா, கதவுக்கு வெளியில போய் ஒரு நிமிசம் நிண்டிட்டு வருவன். நடுங்கிற கையோட உள்ளுக்கு வரக்கூடாது, பிள்ளை. போய் நிண்டிட்டு வாரும்."

முற்றத்தில் போய் நின்றேன். அழுதேன் என்று எழுதி, வெட்டி, பிறகு திரும்பவும் சேர்த்திருக்கிறேன். அழுதேன்.

5

மாசி முதல் ஞாயிறு. வங்காலைப் பக்கம் பூநாரைகள் கரையருகே வந்து நிற்பதாக எருக்கலம்பிட்டி இன்சாப் அழைத்துச் சொன்னார். ஓட்டோ ஓடுபவர், என் பறவை உளவாளி. நான்கு வருடமாக நான் காத்திருந்த செய்தி.

"நானும் வாறன்" என்றார் அன்ரி. "அதையும் பாத்திட்டுப் போவம்."

அந்தப் 'போவம்' எனக்கு மன்னார்ப் பாலம் தாண்டும்வரை காதில் நின்றது.

முழங்காலளவு தண்ணீரில் ஆயிரக்கணக்கில் நின்றன. இளஞ்சிவப்பு. அவ்வளவு கிட்டத்தில் நான் கண்டதேயில்லை. சேற்றில் குப்புறப் படுத்துக் கமராவைக் கண்ணில் வைத்தேன். முதுகுக்குப் பின்னால் அன்ரி இன்சாப்பை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"மகளுக்கு ஒன்பதாம் மாச ஊசி போட்டாச்சோ?"

"போடோணும் மிஸ்ஸி. காய்ச்சல் வரும் எண்டுதான் பிந்திப்போச்சு."

"ஊசி போட்டா உடம்பு கொஞ்சம் காயும்தான். பிள்ளைக்கு ஒண்டும் ஆகாது."

"பிள்ளைக்கு இல்ல மிஸ்ஸி. எனக்கு. ஊசியைக் கண்டா எனக்குத்தான் காய்ச்சல் வாறது. மனிசி முஸ்பிரா என்னையும் பாக்கோணும், பிள்ளையையும் பாக்கோணும்."

அன்ரி சிரித்தார். அப்படியொரு சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை. கேட்டுப் பழகாதவை பூநாரைகளும்தான். முழுக்கூட்டமும் ஒரே நேரத்தில் எழும்பியது. முன்னால் ஆயிரம் சிறகுகள். பின்னால் அன்ரி. எனக்கு இருந்தது ஒரு விநாடி.

திரும்பினேன். கை ஆடவில்லை.

படத்தில் ஒரு பூநாரையும் இல்லை. ஓட்டோவின் பின்பாதி, இன்சாப்பின் முழங்கை, தலையைப் பின்னுக்குச் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கும் அன்ரி. கடைவாயில் ஒரு பல் இல்லாதது தெளிவாகத் தெரிந்தது.

"இதென்ன, வாய் முழுக்கத் திறந்து கிடக்கு! செத்த ஆள் இப்பிடிச் சிரிக்கலாமே?"

"செத்த பிறகு ஏலாது அன்ரி. அதுதான் இப்ப எடுத்தனான்."

அவர் கமராவைத் திருப்பித் தரவில்லை. கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைப் பாத்தா ஒருத்தரும் அழமாட்டினம்."

"நான் அழுவன் மிஸ்ஸி" என்றார் இன்சாப். அவரை யாரும் கேட்கவில்லை.

6

முடிவு (அ): அன்ரி பிழைத்து வந்து நலமாக வாழ்கிறார்.

முடிவு (ஆ): அன்ரி (மிச்சத்தை இங்கே பெயர்த்தெழுத மனமில்லை.)

அவர் கொழும்புக்குப் போகும் முன்பே இரண்டையும் எழுதி வைத்திருந்தேன். எழுதுகிறவர்களை நம்பி வீட்டுக்குள் விடக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. சத்திரசிகிச்சை நடந்த ஆறு மணித்தியாலமும் நூலகத்தில் புத்தகம் அடுக்கினேன். அத்தனையும் தலைகீழாக நின்றன என்று மறுநாள் சொன்னார்கள்.

பங்குனியில் அன்ரி வந்துசேர்ந்தார். மெலிந்துவிட்டார். குரலிலும் பாதிதான் மிச்சம். கோபம் மட்டும் முழுதாக இருந்தது. வந்த அன்றே கதையைக் கேட்டு வாங்கி, சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தார்.

முடிவு (ஆ)வில், கீரிக் கடலும் அழுதது என்று நான் எழுதியிருந்த இடத்தில்: 'கடல் ஏற்கனவே உப்புத்தான். நீர் அழ வைக்கத் தேவையில்லை.' முடிவு (அ)வில், 'நலமாக' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு: 'ஆர் சொன்னது? ரெண்டு படி ஏற மூச்சு வாங்குது.' பிறகு இரண்டையும் குறுக்கே வெட்டினார்.

"அப்ப எப்பிடி முடிக்கிறது அன்ரி?"

"நானே இன்னும் முடிக்கேல்லை. உமக்கென்ன அவசரம்?"

ஆனால் ஆசிரியருக்கு அவசரம். ஆகவே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள்.

…………………………

…………………………

எழுதியதை அன்ரியிடம் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். கீரியில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். கதவைத் திறந்ததும் அவர் உங்கள் முடிவைக் கேட்கமாட்டார். பிறக்கும்போது எத்தனை கிலோ இருந்தீர்கள் என்றுதான் கேட்பார். அது தெரியாதவர்களை அவர் உள்ளே விடுவதில்லை.

அம்மாவிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.