துரை பங்களாவில் ஒரு முழங்கை

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய சம்பந்தியம்மா, கசங்கிய புடவையை நீவிவிடக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல், "உங்கப்பா படம் இருக்கிற பங்களா எங்கங்க? அதப் பார்த்துட்டுதான் மத்ததெல்லாம்" என்றாள். அண்ணாமலையாரே இரண்டாவதாகப் போய்விட்டார். உண்ணாமுலையின் வயிற்றுக்குள் ஒரு பூனை எழுந்து, சோம்பல் முறித்து, மறுபடி படுத்தது.

எல்லாம் மூன்று மாதத்துக்கு முன், மகள் கல்யாணத்தில் வந்த வினை. ஆயிரம் பேர் சாப்பிட்ட கல்யாணம். சரி, இருநூற்றுப் பத்துப் பேர். ஆனால் சாம்பார் ஆயிரம் பேருக்கு இருந்தது. பந்தியில் எதிர்வீட்டுத் தனம் மாப்பிள்ளை வீட்டார் நடுவில் உட்கார்ந்துகொண்டு, துரை பங்களா ஹாலில் மாட்டியிருக்கிற படத்தில் தன் அப்பா நிற்கிற அழகைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தலைப்பாகையை வர்ணித்து முடிக்கவே ரசம் வந்துவிட்டது. கேட்டவர்கள் அப்பளத்தைக் கடித்தால் சத்தத்தில் ஒரு வார்த்தை தப்பிவிடுமென்று கையிலேயே வைத்திருந்தார்கள். பெண்ணைப் பெற்றவள் பாயச வாளியோடு பக்கத்தில் நிற்கிறாள், அவளை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. அப்போதுதான் உண்ணாமுலையின் வாய் அவளைக் கேட்காமல் பேசியது: "எங்கப்பாவும் அதே படத்துலதான் இருக்காரு."

இருந்தார். முழங்கையாக.

வேங்கிக்கால் போகிற வழியில், மலை முழுசாகத் தெரிகிற இடத்தில் அந்த பங்களா இருந்தது. ஏரி மதகுகளைப் பார்த்துக்கொள்ள வந்த ஒரு எஞ்சினீயர் துரை கட்டியது. அவர் கப்பலேறிய பிறகு ஒரு மல்லாட்டை மண்டிக்காரர் வாங்கினார். முப்பது வருஷம் பாதி அறைகளில் நிலக்கடலை மூட்டைகளும் பாதி அறைகளில் வௌவால்களும் சண்டையில்லாமல் குடியிருந்தன. மண்டிக்காரரின் பிள்ளைகள்தான் எண்பத்தொன்றாம் வருஷம் எல்லாவற்றையும் துலக்கி, தோட்டத்தைத் திருத்தி, துரை விட்டுப் போன சாமான்களை அந்தந்த இடத்தில் வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ஜனம் சுற்றிப் பார்க்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். ஹாலில் 1935-ல் எடுத்த அந்தப் படம் இருந்தது. நாற்காலிகளில் துரையும் துரைசானியும். சுற்றிலும் வேலைக்காரர்கள் முப்பத்தோரு பேர், ஒரு நாய். துரைக்கு வலப்பக்கம் பட்லர், அதாவது தனத்தின் அப்பா. படத்தின் வலது ஓரத்தில், சட்டம் முடிகிற இடத்தில், யாருக்கும் சொந்தமில்லாமல் மடங்கிய ஒரு முழங்கை.

அது தன் அப்பாவுடையது என்பதற்கு உண்ணாமுலையிடம் இருந்த ஒரே சாட்சி அவள் அம்மாவின் வாய்தான். "படம் புடிக்கிறப்போ உங்கப்பா கடைசியில நின்னாரு" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இடது கடைசியில் நின்றவர் ஊரறிந்த சலவைக்காரர், அவர் பேரப்பிள்ளைகள் வந்து அடையாளம் சொல்லிவிட்டுப் போனார்கள். மிச்சம் இருந்தது வலது கடைசி. அப்பா அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர். படம் எடுத்த அதே வருஷம், தீபத் திருவிழாவில் பரவிய வாந்திபேதியில் போய்விட்டார். உண்ணாமுலைக்கு அப்போது மூன்று வயது. முகம் ஞாபகமில்லை. வீட்டில் படமும் கிடையாது. அம்மாவும் போன பிறகு, அந்த முகத்தைப் பார்த்த கண்கள் ஊரில் ஒரே ஒரு ஜோடிதான் பாக்கி. அப்போது ஒன்பது வயதாயிருந்த தனத்தின் கண்கள்.

இதைத்தான் உண்ணாமுலையால் செரிக்க முடியவில்லை. தனத்துக்கு அவள் அப்பா இருக்கிறார், அதுவும் தலைப்பாகையோடு. அது போதாதென்று உண்ணாமுலையின் அப்பாவையும் அவளே பார்த்து வைத்திருக்கிறாள். கேட்டால், கறிவேப்பிலையைத் தட்டோரம் ஒதுக்குவது மாதிரி சொல்வாள்: "உங்கப்பாவா? ஒசரமா இருப்பாரு. இல்ல இல்ல, அது வண்டிக்காரரு. யாருக்குடி ஞாபகம் இருக்குது!" வட ஆற்காடு ஜில்லாவில் பொறாமைக்கென்று ஒரு போட்டி வைத்திருந்தால் உண்ணாமுலை முதல் பரிசு வாங்கியிருப்பாள். இரண்டாம் பரிசு தனத்துக்குப் போயிருந்தால் அதற்கும் பொறாமைப்பட்டிருப்பாள். மூன்று வருஷமாகத் தவறாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகப் போய் அந்த முழங்கையைப் பார்த்துவிட்டு வருகிறாள். தன் முழங்கையைவிட அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தன் முழங்கையை யாரால் பார்க்க முடிகிறது?

சம்பந்தியம்மாவுக்கு ஒரு காப்பி கொடுத்து, சத்தமில்லாமல் தெருவைத் தாண்டிவிடலாம் என்றுதான் பார்த்தாள். தனத்தின் காது கீழ்பென்னாத்தூரில் பஸ் கிளம்பும்போதே விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

"சம்பந்தியம்மாவ பங்களாவுக்கு இட்டுகினு போறியா? இருடி, செருப்ப மாட்டிகினு வர்றேன். நான் இல்லாம உனக்கு இன்னா தெரியும்?"

பங்களா வாசலில் சாந்த் பாஷா இருந்தார். காவல், தோட்டம், சாவிக்கொத்து, சரித்திரம் நான்கும் அவர் பொறுப்பு. கையில் ஒரு பிரம்பு. யாரையும் அடிக்க அல்ல, பொருள்களைச் சுட்டிக்காட்ட. குரோட்டன்ஸ் வரிசைக்கு நடுவே அவர்களை நடத்திக்கொண்டு போனார். "துரைசானி காலத்துல இங்க இருநூறு ரோஜாச் செடிங்க. இப்போ கம்மிதான். ஆனா வாசனை ஜாஸ்தி." போன மாதம் அவர் சொன்ன கணக்கு நூற்றைம்பது. துரைசானி செத்து இத்தனை வருஷம் கழித்தும் செடி நட்டுக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது. நாகலிங்க மரத்தடியில் விழுந்திருந்த பூவை எடுத்துச் சம்பந்தியம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மரத்துக்கு அந்தப் பக்கம் வட்டக்கிணறு. அதிலிருந்து தோட்டம் முழுக்கச் செங்கல் வாய்க்கால் கிளை கிளையாக ஓடியது.

"இந்தக் கெணத்துலேர்ந்துதான் எங்கப்பா தண்ணி எறச்சாரு" என்றாள் உண்ணாமுலை. சொல்லும்போது கிணறே கொஞ்சம் ஆழமான மாதிரி இருந்தது.

"ஆமாமா" என்றாள் தனம். "அந்தத் தண்ணிய வெந்நீர் போட்டு எங்கப்பாதான் துரைக்கு எடுத்துனு போவாரு."

கிணற்றில் குதிக்கலாமா, தள்ளிவிடலாமா என்று யோசித்தபடி உண்ணாமுலை படியேறினாள்.

உள்ளே எல்லாம் துடைத்து வைத்திருந்தது. இருபது பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை. ஒரு எருமை சௌகரியமாகப் படுக்கக்கூடிய பீங்கான் குளியல் தொட்டி. கூரையில் தொங்குகிற, யாரும் இழுக்காத துணி விசிறி. ஹாலின் நுழைவில் தொப்பி மாட்டுகிற மர ஸ்டாண்டு, அதன் நடுவில் ஒரு ஆள் முகம் மட்டும் அடங்குகிற ஒடுக்கமான கண்ணாடி. எதிர்ச்சுவரில் அந்தப் படம்.

"இதுல உங்கப்பா யாருங்க?"

உண்ணாமுலை விரலை நீட்டினாள். விரல் போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று. "இதோ."

"எது?"

"இந்தக் கைதாங்க."

சம்பந்தியம்மா படத்தின் கண்ணாடியில் மூக்குப் படுமளவு குனிந்து பார்த்தாள். சட்டத்தின் ஓரத்தைப் பார்த்தாள். சட்டத்துக்கு வெளியே சுவரையும் பார்த்தாள். பிறகு, கெட்ட எண்ணம் துளியுமில்லாமல் கேட்டாள்: "மீதி?"

ஹாலில் இருந்த அத்தனை நாற்காலிகளும் சிரித்ததாக உண்ணாமுலைக்குத் தோன்றியது. தனம் நிஜமாகவே சிரித்தாள். "அது யாரோ வேடிக்கை பார்க்க வந்தவன் கை, சம்பந்தியம்மா. இவ அதையே புடிச்சிகினு தொங்கறா. ஆள்னா இதோ பாருங்க, எங்கப்பா!" என்று சொல்லி, அப்பாவின் மார்பு இருந்த இடத்தில் ஆள்காட்டி விரலால் தட்டினாள். ஒரு தட்டு, இரண்டு தட்டு. துரை காலத்து ஆணி இரண்டையும் பொறுத்துக்கொண்டது. "ஆறடி ஆளு!" என்ற மூன்றாவது தட்டை அதனால் தாங்க முடியவில்லை.

படம் விழுந்த சத்தத்தில் நாகலிங்க மரத்துக் காக்கைகள் மலைக்கே போய்விட்டன.

"யா அல்லா! இன்னாம்மா பண்ணிட்டீங்க?" சாந்த் பாஷா பிரம்பைப் போட்டுவிட்டு மண்டியிட்டார். கண்ணாடி சுக்கல். பின்பலகை தனியே கழன்று கிடந்தது. சில்லுகளை ஒதுக்கி, படத்தை ஓரத்தில் பிடித்துத் தூக்கி எழுந்தவர் அப்படியே நின்றார். "அட! சட்டம் பத்தலன்னு ஓரத்த மடிச்சு வச்சிருக்காங்க. ஒரு ஆளையே மடிச்சுட்டாங்களே!"

மடிப்பை மேஜைமேல் வைத்து மெதுவாகப் பிரித்தார். நாலு விரற்கடை அகலம். மடிந்த கோட்டில் வெள்ளை வெடிப்பு. அதற்கு அந்தப் பக்கம், ஐம்பது வருஷமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதர் வெளிச்சத்துக்கு வந்தார்.

மேல்துண்டு இல்லை. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். வெயிலுக்குக் கையை நெற்றியில் குடைபோல் வைத்திருந்தார், அதனால்தான் முழங்கை. கையின் நிழலில் கண்கள் இருட்டாகிவிட்டன. தெரிந்தது மூக்கும் வாயும். வாய் சிரித்துக்கொண்டிருந்தது. தூக்குத் தண்டனைக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி விறைத்து நின்ற அத்தனை பேருக்கு ஓரத்தில், அவர் ஒருவர் மட்டும் அத்தனை பல்லும் தெரியச் சிரித்தார். படம் பிடித்தவன் ஏதாவது சொல்லியிருக்கலாம். நாய் ஏதாவது செய்திருக்கலாம்.

"இவருதான் உங்கப்பாவா?" என்றாள் சம்பந்தியம்மா.

 மூன்று வருஷமாக முழங்கையாக இருந்தவரை உண்ணாமுலை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. முகம் வந்ததும் பயம் வந்துவிட்டது. இவர் யாராகவும் இருக்கலாம். வேடிக்கை பார்க்க வந்தவனாகக்கூட. கேட்பதற்கு உலகத்தில் ஒரே ஆள்தான், அந்த ஆள் பக்கத்தில் கண்ணாடிச் சில்லுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். சொந்த அப்பாவைத் தனத்தின் கையிலிருந்து வாங்கவேண்டும். 

"அக்கா" என்றாள் உண்ணாமுலை. அப்படிக் கூப்பிட்டு வருஷக்கணக்காயிற்று. "நீதான் பார்த்திருக்கிற. சொல்லு."

தனம் மூக்குக்கண்ணாடியை முந்தானையால் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தை வாங்கினாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த நேரத்துக்குள் ஒருவர் கிரிவலம் கிளம்பி, அடி அண்ணாமலையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, மீதியையும் சுற்றி வந்திருக்கலாம்.

"இவருதான்" என்றாள். "உங்கப்பாவேதான்டி."

"மெய்யாவா?"

"மெய்யாதான்."

"அச்சு அசலா நம்ம மருமக சிரிப்பு!" என்றாள் சம்பந்தியம்மா. நாயைக் காட்டியிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள், நல்ல மனுஷி. பெரிய சட்டமாகப் பார்த்து மாட்டச் சொல்வதாகச் சாந்த் பாஷா வாக்குக் கொடுத்தார். இனிமேல் இவரையும் பிரம்பால் காட்டப்போவதாகச் சொல்லி, பெயர் என்னவென்று கேட்டார். சம்பந்தியம்மாவின் கை உண்ணாமுலையின் தோளில் இருந்தது. இத்தனை வருஷம் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. ஆனாலும் உண்ணாமுலைக்குள் அந்தப் பூனை எழுந்து நகத்தைத் தீட்டியது. தனம் நிஜத்தைச் சொல்லியிருந்தால், இத்தனை நாளும் அந்த முகத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருந்திருக்கிறாள். பொய் சொல்லியிருந்தால், சம்பந்தி முன்னால் உண்ணாமுலையின் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள். பெரிய மனசும் அவளுக்கே போய்விட்டது. எதுவென்று இனி தெரியப்போவதில்லை. எதுவானாலும் ஜெயித்தது தனம்தான்.

அவளைத் திரும்பிப் பார்த்தாள். தனம் இன்னும் படத்தைக் கீழே வைக்கவில்லை. தலைப்பாகையைப் பார்த்தாள். ஓரத்துச் சிரிப்பைப் பார்த்தாள். திரும்பத் தலைப்பாகைக்கு வந்தாள்.

"எங்கப்பா சிரிச்சு நான் பார்த்ததே இல்லடி" என்றாள், உண்ணாமுலைக்கு மட்டும் கேட்கிற குரலில். "வூட்லயும் இப்டியேதான் நிப்பாரு." அவள் கண்கள் மறுபடி ஓரத்துக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டன. அந்தப் பார்வையை உண்ணாமுலைக்குத் தெரியும். உலகத்தில் அவளைவிட நன்றாக அதைத் தெரிந்தவர் கிடையாது. மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அதே இடத்தில் நின்று பார்த்த பார்வை.

உண்ணாமுலை ஹாலின் நுழைவுக்கு நடந்து, தொப்பி ஸ்டாண்டின் முன் நின்றாள். வலது கையைத் தூக்கி நெற்றியில் குடைபோல் வைத்தாள். கண்ணாடியில் கண்கள் இருட்டுக்குள் போய், மூக்கும் வாயும் மிஞ்சின. வாய் இறுக மூடியிருந்தது. சிரித்துப் பார்த்தாள். முதல் தடவை சரியாக வரவில்லை. பற்கள் தெரிய இன்னொரு தடவை சிரித்தாள். கண்ணாடி ஒடுக்கம். அவளுக்குப் பின்னால், கையில் படத்தோடு தனம் நிற்பது ஒரு கீற்றாகத் தெரிந்தது. உண்ணாமுலையின் முழங்கை மட்டும் மரச்சட்டத்தைத் தாண்டி வெளியே போய்விட்டிருந்தது.