மழைக்கோட்டுக்குள் வேர்வை

இந்தக் காலத்து ஆட்களுக்கு வேர்வை என்றாலே மேலே சாக்கடைத் தண்ணீர் பட்ட மாதிரி. ஓட்டிப்போகிற காடிக்குள் ஏர்கோன், கடைக்குள் ஏர்கோன், கல்யாண மண்டபத்திலும் ஏர்கோன். போதாததற்குத் தோட்டத்து ஆபீசில் ஆட்களைக் கூட்டி, வெயிலில் எப்படி வேலை செய்வதென்று பாடம் வேறு நடத்துகிறார்கள். கார்த்திகேசு அதற்குப் போகவில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து வெயிலில் நிற்கிறவருக்கு எவன் வந்து என்னத்தைச் சொல்ல? வேர்க்க வேர்க்கச் சூடு இறங்கிவிடும், அவ்வளவுதான் சங்கதி.

அந்த நினைப்பில்தான் அன்று காலையில் மனைவி வள்ளியம்மாவுக்குத் தன் மழைக்கோட்டை மாட்டிவிட்டார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் இரண்டு பேரும் உதிரிப்பழம் பொறுக்குகிறவர்கள். பக்கத்து நிரையில் புல்லுமருந்து அடிக்கிறார்கள், அவள் கையிலோ முள் கிழித்த புண். கிழிந்த தோலில் மருந்து இறங்கிவிட்டால்? கழுத்துவரை பொத்தான் போட்டுவிட்டார். புழுங்குது என்றவளிடம், வேர்த்தால் நல்லதுதான், பேசாமல் பொறுக்கு என்றார்.

உச்சி வெயிலில் அவள் பழச் சாக்கின் மேலேயே சாய்ந்துவிட்டாள். செத்துப்போன தன் அம்மாவைக் கூப்பிட்டாள். பிறகு அதுவும் நின்று, கண் மேலே செருகிக்கொண்டது. நெற்றியில் வைத்த கையை அவர் வெடுக்கென்று எடுத்தார், அப்படிச் சுட்டது. வேலையை மேற்பார்க்கும் மண்டோரைக் கத்திக் கூப்பிட்டார். மண்டோர் வரவில்லை. அடுத்த நிரையில் பொறுக்கிக்கொண்டிருந்த தனேஸ்வரிதான் தண்ணீர்த் தோம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

“மாமா, அந்தக் கோட்டைக் கழட்டுங்க.”

பொம்பளையை நடுக்காட்டில் வைத்து எதைக் கழற்றுவது? காய்கிற உடம்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஜன்னி கொண்டுபோய்விடும் என்று குறுக்கே விழுந்து தடுத்தார்.

“ஜன்னி வர்றதுக்கு மொதல்ல அத்தை உசுரோட இருக்கணும் மாமா. தள்ளுங்க.”

அவளே தள்ளிவிட்டாள். பொத்தான் தெறிக்கக் கோட்டைப் பிரித்தாள். உள்ளே வள்ளியம்மாவின் ரவிக்கை பிழியப் பிழிய நனைந்திருந்தது.

“வேர்த்துத்தானே கெடக்கு? அப்புறம் ஏன் இப்படிச் சுடுது?”

யாரைக் கேட்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. தனேஸ்வரி தலையிலிருந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிறச் சொன்னாள். வெறும் சாக்கை எடுத்து விசிறினார். போயிடாதே வள்ளி, போயிடாதே என்று அழுதபடி, பழம் ஏற்றும் லோரி வரும்வரை விசிறினார்.

தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியில் சிவநேசன் என்ற மருத்துவ உதவியாளர்தான் விளக்கினார். வேர்வை வெளியே வந்தால் மட்டும் போதாதாம். தோலின் மேல் காற்றுப்பட்டுக் காய வேண்டுமாம். காயும்போதுதான் சூட்டை எடுத்துக்கொண்டு போகுமாம். கோட்டுக்குள் காய ஏது வழி? பிழைப்பாளா என்று கேட்டார் கார்த்திகேசு. கிட்னி தாங்குதான்னு பார்க்கணும், இன்னைக்கு ராத்திரி தாண்டட்டும் ஐயா என்றார் அவர்.

கட்டிலில் ஈரத்துணி சுற்றி, நேராகக் காற்றாடியை வைத்திருந்தார்கள். வள்ளியம்மா கண்ணைத் திறந்தாள். யாரோ எவரோ என்பதுபோல அவரைப் பார்த்தாள். குளிரில் அவள் பல் கிடுகிடுத்தது. கம்பளி கேட்டார், கூடாது என்றார்கள்.

காய்கிற தண்ணீர் சூட்டைத் தூக்கிக்கொண்டு போகுமாம். யாரிடம் கதை விடுகிறார்கள்? அது மருந்துக்காற்று செய்த வேலை. கோட்டு மட்டும் இல்லையென்றால் காட்டிலேயே போயிருப்பாள். இப்போது நனைத்துப் போட்டுக் காற்றாடியும் வைத்தால் நெஞ்சில் சளி கட்டாதா? அவளுக்குச் சூடாக ஓர் இஞ்சித் தேத்தண்ணியாவது வாங்கலாம் என்று முணுமுணுத்துக்கொண்டே வாசலைப் பார்த்து நடந்தார்.