அடி தாங்கும் பல்

சட்டைக் காலரைத் தைத்து முடித்த தையல்காரி, நூலை வழக்கம்போல் முன்பல்லில் வைத்துக் கடித்தாள். நூல் அறுபடவில்லை. பல் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. பக்கத்து மெஷினில் இருந்தவள் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, பல்லு எங்க போச்சு?"

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்."

பாவம் அந்தக் குளியலறை. போன வருடம் மணிக்கட்டு முறிந்ததற்கும், அதற்கு முன்னால் கண் வீங்கியதற்கும் அதுதான் பழி சுமந்தது. நடந்தது வேறு. சாப்பாடு ஆறிப்போயிருந்தது என்று கணவன் தட்டை அவள் முகத்தில் விட்டெறிந்தான். சிதறியதை அள்ளக் குனிந்தவளின் முடியைக் கொத்தாகப் பிடித்து மேசை விளிம்பில் மோதினான். வாயெல்லாம் ரத்தம், பல் கதவோரம் போய் விழுந்தது. அவன் கை கழுவிவிட்டு டிவி பார்க்கப் போனான். அவள் தரையைத் துடைத்தாள்.

அவனே மறுநாள் அவளைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனான். கரிசனம் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் அவன் அலுவலகத்தில் விழா; குடும்பத்தோடு போக வேண்டும். "ஓட்டை வாயோட வந்து என் மானத்த வாங்காத" என்று வழியெல்லாம் அவள் கையைக் கிள்ளிக்கொண்டே வந்தான்.

உள்ளே போனதும் அவனுக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனான். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

"மூணு வழி இருக்கும்மா. ஒண்ணு, கழட்டி மாட்டுற பல்லு. ரெண்டாவது, பக்கத்துப் பல்லு ரெண்டையும் ராவி, மூணையும் சேர்த்து ஒரே உறையா ஒட்டிடறது. மூணாவது, எலும்புல திருகு வச்சு அது மேல பல்லு வைக்கிறது. அதுதான் ரொம்ப நாள் உழைக்கும். ஆனா எலும்பு பிடிக்க நாலஞ்சு மாசம் ஆகும். அதுவரைக்கும் அங்க அடி படக்கூடாது."

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அடி விழாமல் போனது அதிகபட்சம் நாற்பது நாள். அதுவும் அவன் காலில் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது.

"டாக்டர், இதுல எது அடி தாங்கும்?"

"என்ன அடி?"

"இல்ல, கழட்டி மாட்டுறதுன்னா, அவர் கோவமா வர்றது தெரிஞ்சதும் கழட்டி ஒளிச்சு வச்சிரலாம். எனக்கு அதுதான் தோதுப்படும்."

துணிக்கடையில் சாயம் போகுமா என்று விசாரிப்பதுபோல் சொல்லிவிட்டாள். சொன்னது காதில் விழுந்த பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அடி வாங்குறதுக்குன்னு யாரும் பல்லு செய்யலம்மா."

கதவு படாரென்று திறந்தது. வெளியே நின்றபடியே அவன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"என்னடி சொல்லிக்கிட்டு இருக்க?"

நாற்காலியில் சாய்ந்திருந்தவளை ஓங்கி அறைந்தான். புண் பிளந்து, கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணி சிவந்தது. மறுபடியும் கை ஓங்கினான். டாக்டரம்மா மணியை விடாமல் அழுத்தினார். நர்சும் காவலாளியும் ஓடிவந்து அவனைப் பிடித்து இழுத்தார்கள். கருவித் தட்டு கவிழ்ந்து தரையெல்லாம் ஊசியும் இடுக்கியும் சிதறின.

ஆட்களைக் கண்டதும் அவன் குரல் குழைந்தது. "கீழ விழுந்ததுல பயந்துபோயிருக்கா சார். நீயே சொல்லும்மா, வழுக்கித்தான விழுந்த?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பழக்கத்தில் "ஆமா" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். எழுந்து நின்றாள்.

"நான் விழல. இவர்தான் அடிச்சார். போன வருஷம் கைய ஒடச்சதும் இவர்தான்."

அவன் திமிறினான். காவலாளி பிடியை விடவில்லை.

"பல்லு அப்புறம் கட்டிக்கலாம் டாக்டர். இது எப்படிப் போச்சுன்னு மொதல்ல எழுதிக் குடுங்க, போலீஸ்ல குடுக்கணும். ஒன்பது வருஷமா இவர் மானத்தக் காப்பாத்த நான் பொய் சொன்னேன். நான் மறைக்க மறைக்க இவருக்குத் துணிச்சல்தான் ஏறிச்சு. அடிக்கிறவனை மறைச்சா அடி நிக்காது டாக்டர். வெளிய சொன்னாத்தான் நிக்கும்."