பாஸ்வேர்டுக்கும் ஓணக்கோடி

அன்று எங்கள் காக்கநாடு அலுவலகத்தில் இருந்தவர்கள்: ஓண விழாவுக்காக மாவேலி ராஜா வேஷத்தில் சஜீவேட்டன், அவர் வேட்டிக்குள் வயிறாக இரண்டு தலையணை, பொன்கரைக் கசவுப் புடவையில் மேலாளர் ஹேமலதா மேடம், டப்ளினிலிருந்து போனில் வெறும் குரலாக ஃபியோனா, எடப்பள்ளி விடுதியிலிருந்து இன்னொரு போனில் லிஜினா சேச்சி, பாயசம் ஏறி நிலைகொள்ளாமல் ஆடிய ஒரு கூட்டம், அஜோ என்கிற நான்.

டப்ளினில் ஒரு மருத்துவமனை. அதன் பில் வேலை எங்களுடையது. இரவு ஷிஃப்டைத் தாங்க முடியாமல் பாதியில் விட்டவன் நான். பகலில் சஜீவேட்டனுக்குக் கீழே கம்ப்யூட்டர்களைக் கவனிக்க வைத்தார்கள்.

லிஜினா சேச்சிக்குப் போன ஓணத்துக்குப் பிறகு கல்யாணம் ஆனது. புருஷன் பிரஜித் வடக்கே தொலைவில் பய்யன்னூரில் இருந்தான், இவள் கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதியில். 'ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை' என்றுதான் அவனுக்கு அலுவலகத்தில் பெயர். வீட்டிலிருந்தே அலுவலகக் கணினியைத் திறந்து வேலை பார்க்க டப்ளின் சம்மதித்தால் அவள் சாயங்கால வண்டியில் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிடுவாள். இல்லையென்றால் ஓண லீவு முடிந்ததும் அதே விடுதி, அதே கட்டில்.

டப்ளின் ஒரு நிபந்தனை போட்டது. அதுவரை வெளியிலிருந்து யார் தட்டினாலும் எங்கள் சர்வர் முதலில் திரையைக் காட்டும், பிறகுதான் பெயர் கேட்கும். இனி வாசலிலேயே பெயரும் பாஸ்வேர்டும் கேட்க வேண்டும், சரியாகச் சொன்னால்தான் திரை. காலையில் அதை நான்தான் போட்டேன். ஒரே ஒரு டிக். சோதித்தும் பார்த்தேன், வேலை செய்தது.

மூன்று மணிக்கு லிஜினா சேச்சி விடுதியிலிருந்து நுழைந்து காட்ட வேண்டும், மருத்துவமனை சார்பில் ஃபியோனா பார்த்துக்கொண்டிருப்பாள். நுழையவில்லை.

"அஜோ, உள்ள விட மாட்டேங்குதுடா. பழைய பாஸ்வேர்டை மாத்திட்டு வான்னு சொல்லுது."

"அப்ப மாத்துங்க சேச்சி."

"எங்கடா மாத்தறது? அதுக்கு ஒரு கட்டம்கூட வரலியே."

வடம் இழுக்கும் போட்டிக்கு விசில் ஊதிக்கொண்டிருந்த மாவேலியிடம் ஓடினேன்.

"சேட்டா, மத்தியானம் என்ன பண்ணீங்க?"

"சாப்பிட்டேன்."

"சர்வர்ல என்ன பண்ணீங்க?"

ஓலைக்குடையைச் சுழற்றிக்கொண்டு சிரித்தார். "மறந்துட்டியா? வருஷா வருஷம் பண்றதுதானே. ஓணத்துக்கு மனுஷனுக்குப் புதுத்துணி, கணக்குக்குப் புது பாஸ்வேர்டு. எல்லாருக்கும் ஓணக்கோடி குடுத்தாச்சு. அடுத்து நுழையறப்ப மாத்தியே ஆகணும்."

எங்கள் அலுவலகத்தில் அது உண்மையிலேயே வழக்கம். எல்லோரும் நேரில் வந்து உட்கார்ந்த காலத்தில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. இப்போது வாசலில் காவல் போட்டிருந்தோம். பாஸ்வேர்டை மாற்றாதவளைக் காவல் உள்ளே விடாது. மாற்றும் இடமோ உள்ளே இருந்தது.

விளக்கினேன். மாவேலியின் மீசை ஒரு பக்கம் தொங்கியது.

"அய்யோ! அவ இங்க வந்து ஒரு தடவை நேர்ல மாத்திட்டுப் போயிடட்டுமே?"

"இந்த ஓண நெரிசல்ல எடப்பள்ளி சிக்னலை இன்னிக்கு எவன் தாண்டுவான்?"

ஹேமலதா மேடம் போனைப் பொத்திக்கொண்டு வந்தார். "ஃபியோனா கால் மணி நேரம்தான் இருப்பாங்களாம். இன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தானாம். சஜீவா, கிரீடத்தைக் கழட்டிட்டு வேலையைப் பாரு."

மற்றவர்கள் பாஸ்வேர்டில் கை வைக்கும் உரிமை சஜீவேட்டனுக்கு மட்டும்தான். அவர் கணக்கோ சர்வரில் மட்டுமே திறக்கும். அதற்கும் அவரே ஓணக்கோடி போட்டிருந்தார். ஆகவே சர்வர் அறைக்குள் போய் அதன் முன்னால்தான் உட்கார வேண்டும். கதவு விரல் ரேகை கேட்டது. விரல் முழுக்க மஞ்சள் சாயம். தேங்காய் எண்ணெய் ஊற்றித் தேய்த்தோம், வேட்டியில் துடைத்தோம், மேடம் தன் கசவு முந்தானையையே கொடுத்தார். கதவு திறந்தது. வயிறு நுழையவில்லை. தலையணைகளை உருவி வெளியே எறிந்தேன். "மாவேலிக்குப் பிரசவம் ஆயிடுச்சு!" என்று கூட்டம் கூவியது.

திரை அவரிடம் புது பாஸ்வேர்டு கேட்டது. தட்டினார். முன்பே பயன்படுத்தியது என்றது. மறுபடி தட்டினார். அதுவும் பழசு.

"என்ன சேட்டா போடறீங்க?"

"பாயசம் பேருதான் எப்பவும் வெப்பேன். பாலடை, சேமியா எல்லாம் போன வருஷங்கள்லயே தீர்ந்துபோச்சு."

வாசலில் நின்றவர்கள் விடவில்லை. "சக்கப் பிரதமன் போடுங்க சேட்டா!" "பருப்பு!" "நேந்திரம்பழம்!"

"எடா கழுதைங்களா, ஊரே கத்தினா அது எப்படிடா பாஸ்வேர்டு? எல்லாரும் திரும்பி நில்லுங்க!"

திரும்பினோம். மேடமும் திரும்பினார். சஜீவேட்டன் நீளமாக எதையோ தட்டினார், தட்டும்போது தனக்குத்தானே கிளுகிளுத்தார். இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை. சர்வர் திறந்தது.

"லிஜினா சேச்சி பேர்ல 'மாத்தியே ஆகணும்'னு நீங்க போட்ட டிக்கை எடுங்க. வாசல் காவலைத் தொட்டுடாதீங்க, அதைத்தான் ஃபியோனா பாக்கறாங்க."

"எனக்கே பாடமாடா?" என்றார். சரியானதைத்தான் எடுத்தார்.

"சேச்சி, இப்ப போங்க. பழைய பாஸ்வேர்டே போதும்."

போனில் விசைகளின் சத்தம். பிறகு என் காது கிழிகிற மாதிரி ஓர் அலறல்.

"வந்துடுச்சு! என் பாழாப்போன பில்லு எல்லாம் தெரியுது!"

பில்லைப் பார்த்து ஒருத்தி அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. மேடம் ஃபியோனாவின் போனில் ஏதோ கேட்டார், தலையாட்டினார், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆடத் தொடங்கினார். "ஃபியோனா சரின்னுட்டாங்க! லிஜினா, நீ பய்யன்னூருக்குப் போடி!" மாவேலி தன் மேலாளரின் கையைப் பிடித்துச் சுற்றினார். வயிறில்லாத மாவேலி, எண்ணெய் வழியும் கை. மேடம் கண்டுகொள்ளவில்லை.

லிஜினா சேச்சி போனை வைக்கவே மறந்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டோம். ஜிப் இழுபட்டது. பெட்டி படிகளில் தடதடவென்று இறங்கியது.

"மெதுவா இறங்கு பெண்ணே, அவன் எங்கயும் ஓடிப்போக மாட்டான்." விடுதி சிஸ்டரின் குரல். "சாவி எங்க? உன் கட்டிலுக்கு ஒருத்தி மூணு மாசமா காத்துக்கிட்டு இருக்கா."

"இந்தாங்க சிஸ்டர். முத்தம் வேணுமா?"

"வேண்டாம்! அய்யோ, சொன்னேனில்ல வேண்டாம்னு! இனி நேரங்கெட்ட நேரத்துல வந்து தட்டினா நான் திறக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"தட்ட மாட்டேன் சிஸ்டர்!" அவள் குரல் தெரு இரைச்சலோடு கேட்டது. ஆட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பின்னால் விடுதியின் இரும்புக் கதவு இழுபட்டு மோதியது. தாழ் விழுந்தது, பூட்டு ஏறியது.