நிற்கச் சொன்ன இடம்

எங்கள் குழுவில் ஒன்பது பேர், ஒன்பது பைக். மலைப்பாதை, சேறு, சரளைக்கல் என்று வண்டியும் மனுஷனும் ஒருசேரக் கெட்டுப்போகிற இடங்களாகப் பார்த்து லீவு நாட்களில் போவோம். என் வண்டி ஆற்றையே கடக்கும் என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். முதல் மூன்று மாதம் அது கடந்தது அலுவலக வாசலில் இருக்கிற வேகத்தடையை மட்டும்தான்.

குழுவுக்கு ஒரே சட்டம். முன்னால் போகிறவர் பல் டாக்டர். வழி அவருக்குத்தான் தெரியும். பாதை பிரிகிற இடத்தில், அவருக்கு அடுத்து வருகிறவர் நின்று மற்றவர்களுக்குக் கை காட்ட வேண்டும். மஞ்சள் சட்டை போட்டவர் ஓட்டிவரும் கடைசி வண்டி வந்து சேரும்வரை, மலையே பெயர்ந்து வந்தாலும் நகரக் கூடாது.

போன வருஷம் நான் நகர்ந்துவிட்டேன். "எல்லாரும் போயிருப்பாங்க" என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மஞ்சள் சட்டையில் வந்தவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். கை காட்ட ஆளில்லாமல் இடது பக்கம் திரும்பினார். அது கல்குவாரி. விழுந்ததில் தோள்பட்டையில் காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டு. அந்த ஆறு வாரமும் சாப்பாட்டில் உப்பில்லை என்று மனைவியிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. மச்சான் திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். இதற்கு அவர் திட்டித் தொலைத்திருக்கலாம். குழு எனக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்தது.

இந்த வருஷம் அதே இடத்தில், அதே பிரிவில், பல் டாக்டருக்கு அடுத்து வந்தது நான்.

"அவசரம், நில்லுய்யா. இந்த தடவையாவது" என்று சொல்லிவிட்டு அவர் வலது பக்கம் ஏறிப் போனார்.

ஆறு வண்டிகள் வந்தன. ஆறு பேருக்கும் கை காட்டினேன். அப்புறம் யாரும் வரவில்லை. பாக்கி மஞ்சள் சட்டை மட்டும்தான், இந்த வருஷமும் அது மச்சான். அரைமணி, ஒருமணி. போனில் சிக்னல் இல்லை. திரும்பிப் போய்த் தேடலாமா? குறுக்குப் பாதைகள் நிறைய. நான் ஒன்றில் போய், அவர் வேறொன்றில் வந்தால் மறுபடி குவாரி. அவருக்கு இன்னொரு தோள்தான் பாக்கி. எனக்கு அதுவும் இல்லை. இருப்பது ஒரே ஒரு மச்சான்.

லாரி ஒன்று நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"வண்டி ரிப்பேரா?"

"இல்லண்ணே."

"வழி தெரியலையா?"

"வழி காட்டத்தான் நிக்கிறேன்."

அவர் காலியான ரோட்டைப் பார்த்தார். அப்புறம் என்னை. "வெயில்ல ரொம்ப நேரமா நிக்கிறீங்களோ?" என்று பரிவாகக் கேட்டு, அரை பாட்டில் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று மணிநேரம் கழித்து மஞ்சள் புள்ளி ஒன்று தெரிந்தது. கையைத் தூக்கினேன். அவர் இன்னும் அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தார்; வந்து சேரும்வரை நான் கையை இறக்கவில்லை.

மச்சான் பக்கத்தில் வந்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினார். கையெல்லாம் கிரீஸ்.

"பின் சக்கரம் பஞ்சர். புது ட்யூப் மாட்டுறப்ப டயர் நெம்புற லீவரால நானே ஓட்டை போட்டுட்டேன். ஒண்ணில்ல, ரெண்டு ட்யூப்." ஒரு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. "தூரத்துல பார்த்தேன். கைகாட்டிக் கம்பம்னு நினைச்சேன்."

"கம்பத்துக்கு இவ்வளவு தொப்பை இருக்குமா மச்சான்?"

"அதான் கிட்ட வந்ததும் கண்டுபிடிச்சேன்."

அன்றிரவு எல்லாரும் தங்க வேண்டிய விடுதிக்குப் போனால் ஈ காக்கா இல்லை. காவலாளிதான் சொன்னார்: "உங்க ரெண்டு பேரையும் தேடி எல்லாரும் பின்பக்க இறக்கத்துல குவாரிக்குப் போயிருக்காங்க."

இருட்டும் நேரத்தில் திரும்பினார்கள். பல் டாக்டர் இடுப்புவரை சேறு.

"எங்கய்யா போய்த் தொலைஞ்ச? குவாரி, ஓடை, ஒரு இடம் விடலை!"

"நீங்க நிக்கச் சொன்ன இடத்துலதான் நின்னேன் டாக்டர்."

ஏழு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"அங்க மட்டும் பார்க்கலை" என்றார் டாக்டர், பூட்ஸிலிருந்த தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டே.

மச்சான் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எலும்பு முறிந்து கூடிய அந்தப் பக்கத்துக் கை இன்னும் முழுசாக மேலே போகாது என்று வீட்டில் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்திருக்கிறது. ஜாக்கெட் கழற்ற தன் மனைவியைத் தவிர யாரையும் அவர் கூப்பிட்டதில்லை.

"மாப்ள," என்று கையை என் பக்கம் நீட்டினார். "இந்த ஜாக்கெட்டைக் கொஞ்சம் இழுத்து விடுங்க. மெதுவா. அவசரமில்லை."