ரோமில் வெள்ளிக்கிழமை காலை

"வியாழக்கிழமை மத்தியானம் ரோம்ல எறங்கறீங்க. எறங்கினதும் மொதல்ல என்ன பாக்கறீங்க?" ஹம்மாதி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"கட்டிலைப் பாப்போம். கால் வீங்கிப் போயிருக்குமே," என்றாள் சால்ஹா.

"அக்கா, நீங்க ஊர் சுத்திப் பாக்கப் போறவங்க. அவங்களுக்குக் கால் வீங்காது. என் வண்டில ஒரு இத்தாலிக்காரக் கெழவி வந்தா. எண்பது வயசு. மணல்மேட்டு உச்சில நின்னு ஒட்டகத்தோட சண்டை போட்டா. அந்த மாதிரி மூஞ்சிய வச்சுக்கங்க."

சால்ஹா மூஞ்சியை மாற்றிப் பார்த்தாள். ஹம்மாதி சிரித்தான். அவள் புருஷன் பெல்காசெம் சிரிக்கவில்லை. படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு நாள் பயணம். ஒவ்வொரு நாளுக்கும் காலை, மாலை என்று இரண்டு கட்டம். எந்தக் கட்டத்தில் எதைப் பார்ப்பார்கள் என்று எழுதிக் கொடுத்தால்தான் விசா மனுவைத் தொடுவார்களாம். பாலைவனத்துக்கு வெள்ளைக்காரர்களை ஏற்றிப்போகும் பக்கத்து வீட்டு ஹம்மாதிக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. வியாழன் மாலை, காசு போடும் நீரூற்று. சனிக்கிழமை காலை, கொலோசியம். மளமளவென்று பிரெஞ்சில் எழுதிக்கொண்டே போனான்.

"வெள்ளிக்கிழமை காலைல பெரிய கோயில். போப்பாண்டவர் இருக்கற எடம்."

"அந்தக் கட்டத்தை விடு," என்றார் பெல்காசெம். "அதை நான் எழுதிக்கறேன்."

அவர்களுடைய துனீசியச் சுரங்க ஊரான மெத்லவியில் வெள்ளிக்கிழமை காலை என்றால் இடுகாட்டுக்குப் போகிற நேரம். செத்தவர்கள் அன்றைக்குக் காத்திருப்பார்கள் என்பது ஊர் நம்பிக்கை. தலைமாட்டில் தண்ணீர் ஊற்றுவார்கள், குருவிக்குப் பார்லி இறைப்பார்கள். சால்ஹா ஒரு துணிப்பையில் பார்லியை முன்பே கட்டி வைத்துவிட்டாள். பயணத்துக்கு அவள் எடுத்து வைத்த முதல் சாமான் அதுதான்.

அவர்கள் மகன் ஹம்தி ரோமில் ஊருக்கு வெளியே ஓர் இடுகாட்டில் கிடந்தான். ரப்பர் படகில் கடல் தாண்டிப் போய், காகிதம் எதுவும் இல்லாமல் கட்டட வேலை பார்த்தவன். சாரத்திலிருந்து விழுந்தான். புதைத்த இடத்தில் ஒரு கம்பியில் எண் இருநூற்றுப் பதினாலு, பெயர் வலீத் தர்ஹூனி, நாடு லிபியா. கூட வேலை பார்த்த பையன் படம் எடுத்து அனுப்பியிருந்தான்.

அந்தப் பெயரைக் கொடுத்தது பெல்காசெம்தான். துனீசியாக்காரன் என்று தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள், லிபியாவில் சண்டை நடப்பதால் அந்த ஊர்க்காரனை விட்டுவைப்பார்கள் என்று சுரங்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். போகிற பிள்ளைகள் எல்லோருக்கும் அப்பன்மார்கள் இப்படி ஒரு பெயர் கட்டி அனுப்பினார்கள். கிளம்புகிற அன்று மகனை உட்காரவைத்து, "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வலீத்னுதான் சொல்லணும்," என்று இருபது தடவை சொல்லவைத்தார். பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டான். ஆஸ்பத்திரியில் உயிர் போகிற வரைக்கும் வலீத் என்றே சொன்னானாம்.

அந்த ஊரில் குழிக்குப் பத்து வருடம்தான் கெடு. மார்ச் மாதத்தோடு கெடு முடிகிறது. அதற்குப் பிறகு தோண்டி, யாரும் வந்து கேட்காத எலும்புகளை ஒன்றாகப் போட்டு மூடிவிடுவார்கள். கேட்பதற்குச் சொந்தம் என்று காட்டக் காகிதம் வேண்டும். லிபியாக்காரன் வலீதுக்கு மெத்லவியில் எங்கே காகிதம்? எலும்பு கிடைக்காது என்று சால்ஹாவுக்குத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை போய் நின்றுவிட்டு வந்தால் போதும் என்றாள். பத்து வருடத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

"மகன்னு ஒரு வார்த்தை வாயில வந்துச்சோ, முடிஞ்சுது அண்ணே," என்றான் ஹம்மாதி. "காகிதம் இல்லாம ஓடினவனோட அப்பன், நீங்களும் அங்கேயே ஒட்டிக்குவீங்கன்னு எழுதிடுவான். சுத்திப் பாக்கப் போறேன், அவ்வளவுதான்." கோயில் பெயரை ஒரு துண்டுத் தாளில் பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்தான். "இதைப் பாத்து அப்படியே எழுதிடுங்க."

பெல்காசெம் எழுத்து கற்றதே ஐம்பதுக்கு மேல்தான். மகன் அனுப்பும் செய்தியைப் படிக்க வேண்டும் என்று தொழிற்சங்க வகுப்பில் போய் உட்கார்ந்தார். பிரெஞ்சு எழுத்துகளும் அங்கே வந்ததுதான். மூன்று நாள் பேனாவை எடுத்து எடுத்து வைத்தார். மற்ற ஏழு கட்டத்திலும் பொய் இருந்தது அவரை உறுத்தவில்லை. இந்த ஒரு கட்டத்தில் பேனா இறங்க மறுத்தது. மனுவைக் கொடுக்கத் துனிஸுக்குப் போகிற வண்டியிலும் துண்டுத் தாள் சட்டைப்பையிலேயே இருந்தது. வண்டி ஆட்டத்தில் எழுத வராது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

விசா அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள். வாயைத் திறந்ததும் தெரிந்தது, தெற்கத்திப் பேச்சு. கஃப்ஸாப் பக்கமாக இருக்கலாம்.

"எந்த ஊரு ஐயா? மெத்லவியா? அட, எங்க அத்தை வீடு அங்கதான். என்ன திடீர்னு ரோம்?"

"சுத்திப் பாக்க."

"நல்லது. இந்த வயசுல ரெண்டு பேருமா போறீங்களே." தாளைப் புரட்டினாள். "வெள்ளிக்கிழமை காலைல ஒண்ணுமே எழுதலையே?"

தூங்குவோம் என்று சொல்லியிருக்கலாம். கோயில் பெயர் பையில்தான் இருந்தது. அந்தப் பேச்சு, அந்த அத்தை, எல்லாம் சேர்ந்து அவரை இளக்கிவிட்டது.

"ஒருத்தனப் பாக்கணும்மா."

"யாரு? பேரு?"

"வலீத் தர்ஹூனி."

"லிபியாக்காரரா? உங்களுக்கு என்ன உறவு?"

சால்ஹா பக்கத்தில் நின்றாள்.

"உறவெல்லாம் இல்லம்மா. தெரிஞ்ச பையன்."

"அழைப்புக் கடிதம் குடுத்திருக்காரா?"

"அவனால எழுத முடியாது."

"ஃபோன் நம்பராவது?"

அவருக்குத் தெரிந்தது கம்பியில் இருந்த எண் ஒன்றுதான். அதைச் சொல்லவில்லை. அந்தப் பெண் முகத்தைக் கவனமாகச் சாதாரணமாக்கிக்கொண்டு அந்த வெற்றுக் கட்டத்தில் ஏதோ எழுதினாள்.

ஊர் திரும்பும்போது சால்ஹா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கைரவான் தாண்டியபின் ஒரே ஒரு தடவை பேசினாள். "தெரிஞ்ச பையன்." அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் நாள் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. கூட வந்த தாளில் ஒரு கட்டத்தில் மட்டும் குறி போட்டிருந்தது. ஹம்மாதி படித்தான். "சொன்ன காரணத்துக்குத்தான் போறீங்கன்னு நம்ப முடியலையாம்." பிறகு அவன் விளையாட்டாக எதுவும் பேசவில்லை. படிவத்தின் நகலைப் பார்த்தான். "ஏன் அண்ணே எழுதாம விட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

பயணத்துக்குக் குறித்திருந்த வெள்ளிக்கிழமையும் பிப்ரவரியில் வந்தது. வெளியே சுரங்கத்துத் தூசி வெயிலில் மஞ்சளாகத் தொங்கியது. சால்ஹா துணிப்பையை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். முடிச்சை அவிழ்த்துப் பார்லியைக் கோழிகளுக்கு இறைத்தாள். அவை முண்டியடித்துக்கொண்டு ஓடிவந்தன. கடைசி மணி வரை இறைத்தாள். பையை உதறினாள்.

"ஹம்தி அப்பா," என்றாள், திரும்பிப் பார்க்காமல். துனிஸ் போய் வந்த டிசம்பருக்குப் பிறகு அவரை அப்படிக் கூப்பிட்டது அன்றுதான். "உன் தாளைப் பாத்துச் சொல்லு. இந்நேரம் நாம எங்க நிக்கணும்?"

பெல்காசெம் தாளை எடுக்கவில்லை.

"நம்ம பையன்கிட்ட," என்றார்.

கோழிகள் தரையைக் கொத்திக்கொண்டிருந்தன. அவள் தலையாட்டினாள். பையை நாலாக மடித்துக்கொண்டு உள்ளே போனாள்.